விவிலிய விளக்கு: நாற்றங்காலும் நடவு வயலும்



இப்பகுதிக்கு வரும் மடல்களில் ஒரே பொருளைப் பற்றி இருவேறு குரல்கள் ஒலிக்கின்றன. “ஊருக்கு ஊர் கோவில்கள் இருக்கின்றன. இருப்பவற்றையே நிரப்ப முடியவில்லை. புதிய கோவில்கள் எதற்கு?” என்று ஒரு சாரார் வினவுகின்றனர். “பங்குக் கோவில் தொலைவில் உள்ளது. அங்கே எங்களை மதிப்பாரும் இல்லை. எங்கள் பகுதிக்கென ஓர் ஆலயம் வேண்டும்” என்று மற்றொரு சாரார் எழுதுகின்றனர். முன்னவர் குரலில் சோர்வு தெரிகிறது. பின்னவர் குரலில் ஏக்கமும் உண்டு. சிறிது மனத்தாங்கலும் உண்டு. இவ்விரு குரல்களையும் மறைநூலின் முன் வைத்து ஆராய்வது இம்மாதம் தக்கது எனக் கருதுகிறோம்.

தென்காசி வட்டாரத்தார்க்கு இது வெறும் ஏட்டுப் பேச்சு அன்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் வந்தன, நகரைச் சுற்றிலும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. சேர்ந்தமரம், ஆவுடையானூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களிலே பிறந்து வளர்ந்தவர்கள், பிழைப்பை முன்னிட்டும் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டும் இத்தகைய இடங்களில் குடியேறுகின்றனர். சொந்த ஊரில் கோவில் மணியோசை அவர்களை எழுப்பிற்று. புதிய இடத்தில் அவ்வோசை எட்டுவதில்லை. அடுத்த வீட்டாரும் கத்தோலிக்கரே என்பதை மார்கழியில் வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கண்டு அறிகின்றவர்களும் இருக்கின்றனர். இவர்களுக்குத் திருச்சபை எங்கே இருக்கிறது? இதுவே நம் முன் நிற்கும் வினா.

நடுதல் என்னும் சொல்

ஒரு புதிய கிறிஸ்தவ சமூகத்தைத் தோற்றுவிப்பதைக் குறிக்கப் புனித சின்னப்பர் கையாண்ட சொல் ‘நடுதல்’ என்பதாகும். கொரிந்து நகரத்துச் சபையார்க்கு எழுதும்போது, தாம் நட்டதாகவும், அப்பொல்லோ நீர் பாய்ச்சியதாகவும், விளையச் செய்தவரோ கடவுளே என்றும் கூறுகின்றார். நடுபவரும் நீர் பாய்ச்சுபவரும் ஒரு பொருட்டல்லர் என்று அவர் அங்கேயே அறுதியிடவும் செய்கின்றார் (1 கொரி. 3:6-7). 1965 டிசம்பர் 7-ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் நற்செய்திப்பணி பற்றிய விதித்தொகுப்பும் இதே சொல்லை எடுத்தாள்கிறது. நற்செய்தி அறிவிப்பதும், திருச்சபை இன்னும் வேரூன்றாத மக்களிடையே அதனை நடுவதுமே நற்செய்திப்பணியின் நோக்கம் என்பது சங்கத்தின் போதனை.

நடுதல் இன்னதென்று சிற்றாற்றுப் பாசனத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை குற்றால மலையில் இறங்கிச் சிற்றாறு பெருகும்போது கார் சாகுபடி தொடங்கும். நாற்றங்காலில் விதை நெருக்கமாகவே விழும்; நெருக்கமாகவே முளைக்கும். உரிய நாளில் அந்நாற்றைப் பறித்து, முடி முடியாகக் கட்டி, தொளி கலக்கிய வயலில் இடைவெளி விட்டு நடுவார்கள். நாற்றங்காலிலேயே நாள் கடந்து நின்று முற்றிய நாற்று நன்கு தூர் கட்டாது. அதற்காக, நீர் வரத்து அறியாமல் எந்த மேட்டிலும் கொண்டுபோய் நடுவாரும் இல்லை. காலம் அறிய வேண்டும். வயலைப் பண்படுத்த வேண்டும். மடையிலிருந்து நீர் வந்து சேரும் வழியையும் பார்க்க வேண்டும். உழவன் வயலிலே காட்டும் இந்த விவேகத்தைத் திருச்சபை தன் பணியிலே காட்ட வேண்டும் என்பதே சின்னப்பர் சொல்லின் உட்பொருள்.

அந்தியோக்கியா காட்டும் வழி

புதிய சபைகள் எவ்வாறு பிறந்தன என்பதைத் திருத்தூதர் பணி நூல் படிப்படியாகக் காட்டுகிறது. முடியப்பர் கொல்லப்பட்ட பின் எழுந்த கலாபனையில் விசுவாசிகள் சிதறடிக்கப்பட்டனர். அவர்களுள் சைப்ரசு தீவினரும் சிரேனே ஊரினருமான சிலர் அந்தியோக்கியா நகருக்கு வந்து, யூதரல்லாதார்க்கும் ஆண்டவரைப் பற்றி எடுத்துரைத்தனர் (தி.ப. 11:19-21). அவர்களுடைய பெயர்களை மறைநூல் குறிக்கவில்லை. குருக்கள் என்றோ போதகர் என்றோ அவர்களைச் சொல்லவும் இல்லை. வீடிழந்து, ஊரிழந்து, பிழைப்புத் தேடி வந்த எளிய மக்களே அந்தியோக்கியாவின் முதல் நாற்றுகள்.

செய்தி யெருசலேமுக்கு எட்டிற்று. தாய்ச் சபை அதைக் கேட்டுப் பொறாமை கொள்ளவில்லை, “எம்மைக் கேளாமல் ஏன் தொடங்கினீர்கள்?” என்று சீறவும் இல்லை. பர்னபாவை அனுப்பி வைத்தது. அவர் வந்து, கடவுளின் அருளைக் கண்டு மகிழ்ந்து, சவுல் என்னும் சின்னப்பரைத் தேடிப்போய் அழைத்து வந்தார். இருவரும் ஓராண்டுக் காலம் தங்கிப் போதித்தனர். சீடர்கள் முதன்முதல் கிறிஸ்தவர்கள் எனப் பெயர் பெற்றது அந்நகரிலேதான். பின்னர் யூதேயாவில் பஞ்சம் வந்தபோது, அந்தியோக்கியாவின் இளைய சபை தன்னால் இயன்ற பொருளைத் திரட்டித் தாய்ச் சபைக்கு அனுப்பியது (தி.ப. 11:22-30). புதிய சபை தாயை மறந்து தனித்துப் போகவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அதன்பின் அந்தியோக்கியாவே அனுப்பும் சபையாக மாறியது. அவர்கள் நோன்பிருந்து செபித்து, பர்னபாவின் மீதும் சவுலின் மீதும் கைகளை விரித்து வழியனுப்பினர் (தி.ப. 13:1-3). தங்களிடமிருந்த சிறந்த போதகர் இருவரை அச்சபை தனக்கென வைத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டுப்புறத்தில், ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்திற்கு நீர் போகும். மேற்குளத்தார் மறுகாலை அடைத்து வைத்தால் கீழ்க்குளம் வறண்டு போகும். மேற்குளத்தின் கரையும் உடைந்து போகும். சபைகளுக்கும் இதே நியதி பொருந்தும்.

அனுப்பப்பட்டவர்கள் என்ன செய்தனர்? லீஸ்திரா, இக்கோனியம் முதலிய நகர்களில் சீடர்களை உருவாக்கினர். திரும்பி வரும் வழியில் அதே ஊர்களுக்கு மீண்டும் சென்று, விசுவாசத்தில் அவர்களை உறுதிப்படுத்தி, ஒவ்வொரு சபையிலும் மூப்பர்களை ஏற்படுத்தினர் (தி.ப. 14:21-23). அவ்வூர்களில் கட்டடம் எழுப்பியதாக ஒரு சொல்லும் இல்லை. போதிப்பாரும், வழிநடத்துவாரும், கூடிச் செபிப்பாரும் உண்டாயினர். கூட்டம் முதலில் வந்தது. கூடம் பின்னர் வந்தது.

வீட்டிலே கூடிய சபை

பிலிப்பி நகரில் சின்னப்பர் முதன்முதல் போதித்த இடம் ஆற்றங்கரை. செபிக்கக் கூடிய பெண்களிடையே அமர்ந்து பேசினார். அவர்களுள் லீதியா என்பவர் இரத்தாம்பரம் விற்கும் வணிகர்; தியத்தீரா நகரத்தவர்; பிழைப்புக்காகப் பிலிப்பியில் குடியிருந்தவர். அவரும் அவர் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றனர், அவருடைய இல்லமே சகோதரர்கள் கூடும் இடமாயிற்று (தி.ப. 16:13-15, 40).

கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதியர் இருந்தனர். கிளவுதியு பேரரசன் யூதரை உரோமையிலிருந்து வெளியேற்றியதால் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் அவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். சின்னப்பருக்கும் அதுவே கைத்தொழில். அவர்களோடு தங்கி உழைத்துக்கொண்டே அவர் ஒன்றரை ஆண்டு அந்நகரில் போதித்தார் (தி.ப. 18:1-11). பின்னர் எபேசு சென்றபோதும், உரோமைக்குத் திரும்பியபோதும் அத்தம்பதியரின் வீட்டிலே சபை கூடியது என்பதைச் சின்னப்பரின் நிருபங்கள் குறிக்கின்றன (1 கொரி. 16:19, உரோ. 16:3-5). மும்முறை குடி பெயர்ந்தும், பெயர்ந்த இடந்தோறும் தங்கள் கதவைச் சபைக்குத் திறந்து வைத்த குடும்பம் அது.

தென்காசியின் புறநகரில் புதுமனை புகுந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய பகுதி இது. வீடு மாறியதும் நம்முள் பலர் பால்காரரையும் பள்ளி வாகனத்தையும் தேடி ஏற்பாடு செய்கின்றனர். அன்பியம் எங்கே கூடுகிறது என்று கேட்பவர் சிலரே. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கோவில் தங்களைத் தேடி வரும்வரை காத்திருக்கவில்லை.

நம் மண்ணில் நிகழ்ந்த நடவு

மறைநூல் சொல்வது எட்டாத நாட்டுக் கதை என எவரும் நினைக்க வேண்டா. நம் மண்ணிலும் இதே வரிசையில்தான் நடவு நிகழ்ந்தது.

புனித பிரான்சிஸ் சவேரியாரே முத்துக்குளித்துறைக்குத் திருச்சபையைக் கொண்டுவந்தவர் எனப் பலர் எண்ணுகின்றனர். அவர் கோவாவில் வந்திறங்கியது 1542 மே மாதத்தில்; அவ்வாண்டிலேயே கடற்கரைக்கு வந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்களுக்குப் போதிப்பார் இல்லை. சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாய்க் கற்பித்து, ஊர்தோறும் அப்பணியைத் தொடர ஆட்களை நியமித்தார். நட்டவர் வேறு, நீர் பாய்ச்சியவர் சவேரியார். அப்பொல்லோவின் பணியைச் செய்ததனால் அவர் புகழ் குறைந்துவிட்டதா?

உள்நாட்டில் 1606-இல் மதுரை வந்து சேர்ந்த இராபர்ட் தெ நோபிலியைத் தொடர்ந்து மதுரை மிஷன் வளர்ந்தது. தென்பாண்டி நாட்டில் காமநாயக்கன்பட்டி அதன் முக்கிய நிலையங்களுள் ஒன்றாய் விளங்கிற்று. நம் வீரமாமுனிவர் அங்கே பணிபுரிந்தவர். 1714-15-ஆம் ஆண்டுகளின் கலாபனையில், சங்கரன்கோவில் வட்டாரத்துக் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டு, மரணத்தின் வாயில் வரை சென்று மீண்டார். தமிழுக்குத் தேம்பாவணி கிடைத்தது அதன் பின்னரே.

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. 1773-இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். மதுரை மிஷனில் குருக்கள் அருகினர். சபை மீண்டும் நிறுவப்பட்டு, இயேசு சபைக் குருக்கள் இப்பகுதிக்குத் திரும்பி வந்தபோது ஆண்டு 1838. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ ஊர்களில் குருவைக் காண்பதே அரிதாயிருந்தது. அக்காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்த உபதேசியார்கள். மாலையில் விளக்கேற்றிச் செபமாலை சொன்ன தாய்மார்கள். ஞாயிறுதோறும் குருவின்றியும் கூடிச் செபித்த ஊரார். அன்று வெறும் சுவர்கள் மட்டும் நடப்பட்டிருந்தால் அவை இடிந்து மண்ணாகியிருக்கும். சமூகம் நடப்பட்டிருந்ததால் அது தாங்கி நின்றது.

மறுகால் பாய்ந்த வரலாற்றையும் பாருங்கள். திருச்சிராப்பள்ளி 1886-இல் மறைமாவட்டமாயிற்று. அதிலிருந்து 1923-இல் தூத்துக்குடியும், 1938-இல் மதுரையும் பிரிந்து மறைமாவட்டங்களாயின. தூத்துக்குடியின் முதல் ஆயரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை, இலத்தீன் வழிபாட்டு முறையில் தற்காலத்தில் நம் நாட்டின் முதல் இந்திய ஆயர் என்னும் பெருமைக்குரியவர். 1973 மே 17-ஆம் நாள் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மதுரை உயர்மறைமாவட்டத்தைப் பிரித்துப் பாளையங்கோட்டை மறைமாவட்டத்தை ஏற்படுத்தினார். தாய் ஒவ்வொரு முறையும் தன்னில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தாள். அவள் விட்டுக்கொடுத்ததால் நம் பகுதிக்கு ஓர் ஆயர் கிடைத்தார்.

நம் பிரிந்த சகோதரர்களின் வரலாற்றிலும் நாம் போற்றத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1903-இல் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையால் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்து, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குப் பணியாளர்களை அனுப்பினர். அதில் முன்னின்ற அசரியா 1912-இல் அங்கேயே ஆயரானார். பெற்றுக்கொண்ட சபை கொடுக்கும் சபையாக மாறுவது அந்தியோக்கியாவோடு முடிந்துவிடவில்லை.

பிளவு நடவு ஆகாது

இனி இரண்டாவது குரலுக்கு வருவோம். “எங்களுக்கென ஒரு கோவில்” என்று கேட்பவர் யாவரும் ஒரே காரணத்தால் கேட்பதில்லை. முதியோர் நடக்க இயலாத தொலைவு என்பது ஒரு காரணம். மறைக்கல்விக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப இயலாமை மற்றொன்று. இவை நியாயமானவை. திருவிழாவில் தேர் வரும் தெரு, சப்பரம் தூக்கும் உரிமை, வரிக் கணக்கு, சாதிப் பெருமை ஆகியவற்றில் எழுந்த பூசலும் சிலவிடங்களில் காரணமாகிறது. இதை நாம் மூடி மறைப்பதில் பயனில்லை.

கொரிந்தியர் தம்முள் கட்சி பிரிந்து, சின்னப்பர் கட்சி என்றும் அப்பொல்லோ கட்சி என்றும் கேபா கட்சி என்றும் கூறிக்கொண்டனர். கிறிஸ்து பிளவுபட்டுவிட்டாரா என்று கேட்டு அவர்களை நாணச் செய்கின்றார் திருத்தூதர் (1 கொரி. 1:10-13). உன்னித்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊர்தோறும் புதிய சபைகளை நட்ட அதே சின்னப்பர், கொரிந்தின் கட்சிகளுக்கு ஆளுக்கொரு சபை வைத்துக் கொடுத்து அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. செல்வர் முந்தி உண்டு ஏழையைப் பசித்திருக்க விட்ட கூட்டத்தை நோக்கி, இது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று கண்டித்தார் (1 கொரி. 11:20-22). பூசலுக்கு மருந்து மனமாற்றம். இரண்டாவது கூரை அதற்கு மருந்தாகாது.

நம் அண்டையிலே வடக்கன்குளம் உண்டு. புனித தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற திருத்தலம் அது. 2022 மே 15-ஆம் நாள் அவர் புனிதர் பட்டம் பெற்றபோது நாம் அனைவரும் பெருமிதம் கொண்டோம். அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே பீடத்தை நோக்கி இரு கிளைகளாக ஆலயம் எழுந்தது. சாதியின் பெயரால் மக்கள் தனித்தனியே அமரும்படி நடுவே தடை வைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அத்தடையை அகற்றியபோது எதிர்ப்பு எழுந்து, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஆயினும் அகற்றிய சுவர் மீண்டும் எழவில்லை. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் மக்களைச் சுவர் வைத்துப் பிரித்த நிலையை நம் முன்னோர் கண்டனர். இன்று சுவருக்குப் பதிலாகத் தனிக் கோவிலே கட்டி அதே பிரிவினையை நாம் நிலைநாட்டினால், தேவசகாயத்தின் பெயரைச் சொல்லப் பெருமைப்பட நமக்கு என்ன உரிமை?

மற்றொரு எல்லையையும் சின்னப்பர் வகுத்துள்ளார். பிறர் இட்ட அடித்தளத்தின் மீது கட்டாதிருப்பதையே தம் பெருமையாகக் கொண்டதாக அவர் எழுதுகின்றார் (உரோ. 15:20). வேறொரு சபையின் மக்களைச் சலுகை காட்டி இழுத்துக்கொள்வது நடவு ஆகாது; அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்குவது அது. அவ்வாறே, எவரையும் வற்புறுத்தி விசுவாசத்திற்குக் கொண்டுவருவது திருச்சபையின் வழியன்று. விசுவாசம் மனிதன் மனமுவந்து கடவுளுக்கு அளிக்கும் மறுமொழி என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஐயத்திற்கு இடமின்றி உரைத்துள்ளது. பன்னூறு ஆண்டுகளாகப் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்து வரும் ஊர்களில் நாம் இருக்கிறோம். நம் அயலார் நம்மைக் கண்டு அஞ்சாமல் மகிழ்வார்களானால், நம் நடவு நேரியது என அறியலாம்.

மண்ணோடு கலந்த வேர்

குற்றாலத்திற்குச் சாரல் காலத்தில் வருபவர்கள் கடைகளிலே மங்குஸ்தானையும் ரம்புத்தானையும் வாங்கிச் செல்கின்றனர். மலைத் தோட்டங்களில் கிராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. இவை இம்மலையின் ஆதிப் பயிர்கள் அல்ல. ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்காஸ் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் இங்கே கொண்டுவந்து வளர்த்துப் பார்த்தனர். 1546-இல் சவேரியார் நற்செய்தியுடன் சென்றதும் அத்தீவுகளுக்குத்தான். அயல் நாட்டுக் கன்று இம்மண்ணின் சாற்றையும் இச்சாரலின் ஈரத்தையும் குடித்து இன்று குற்றாலத்துக் கிராம்பு என்றே பெயர் பெற்றுவிட்டது. தொட்டியிலே வைத்திருந்தால் அது என்றும் அயல் செடியாகவே இருந்திருக்கும்.

திருச்சபையும் அவ்வாறே மண்ணில் இறங்க வேண்டும். இளம் சபைகள் தம் மக்களின் வழக்கம், ஞானம், கலை ஆகியவற்றிலிருந்து நல்லனவற்றை எடுத்துப் படைத்தவருக்குப் புகழாக்க வேண்டும் என்று சங்கம் பணிக்கிறது. நோபிலியும் வீரமாமுனிவரும் அதற்கு முன்னரே அவ்வழியில் நடந்து காட்டினர். புதிய சமூகம் கூடும் இடத்தில் நம் மொழியின் பாடலும், நம் வழக்கத்துக் குத்துவிளக்கும், ஊர் கூடி உண்ணும் அசனமும் இயல்பாய் அமைந்தால் அது வேர் பிடித்தது எனக் கொள்ளலாம்.

எப்போது நடலாம்?

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதற்குத் தெளிவான நெறி வகுத்துள்ளது. பங்கை ஏற்படுத்தும் உரிமை ஆயருக்கே உரியது. அவரும் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எழுத்து வடிவிலான ஆயரின் இசைவின்றி ஆலயம் எதுவும் கட்டலாகாது. அண்டைக் கோவில்களின் பொறுப்பாளர்களையும் அவர் கலந்துகொள்வார். ஆன்மாக்களின் நலனுக்குப் புதிய ஆலயம் உதவுமா, அதனைக் கட்டவும் வழிபாட்டை நடத்தவும் போதிய வசதி இருக்குமா எனச் சீர்தூக்கிப் பார்ப்பார். சிலர் இதை அலுவலகத் தடை என எண்ணி முணுமுணுக்கின்றனர். யெருசலேம் பர்னபாவை அனுப்பியதும் இதுவேயன்றோ?

ஆயரிடம் விண்ணப்பம் கொண்டுபோகுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் சில உண்டு. நம் பகுதியில் விசுவாசிகள் இப்போதே வாரந்தோறும் ஏதேனும் ஒரு வீட்டில் கூடுகின்றனரா? பிள்ளைகளுக்கு மறைக்கல்வி போதிக்க இருவரேனும் முன்வந்துள்ளனரா? எல்லாச் சாதியாரும் செல்வரும் வறியவரும் அங்கே ஒரே பாயில் அமர்கின்றனரா? தாய்ப் பங்கோடு நமக்கு மனத்தாங்கல் இருந்தால் அதை முதலில் தீர்த்துக்கொண்டோமா? நம்முடையதைவிட வறுமையான இடத்திற்கு எதையேனும் கொடுக்கத் தொடங்கியுள்ளோமா? இவற்றிற்கு ஆம் என விடை கூற இயன்றால், நாற்று வளர்ந்துவிட்டது, வயலும் ஆயத்தமாகிவிட்டது. இல்லை எனில், செங்கல்லும் சிமெண்டும் அக்குறையை நிரப்பப் போவதில்லை.

தாய்ப் பங்கும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புறநகரில் வாழ்வோர் வரி கொடுக்கும்போது மட்டும் நம் கணக்கில் வருகின்றனரா? அவர்கள் பகுதிக்குத் திருப்பலி கொண்டுபோக முயன்றோமா? தேர்ந்த உபதேசியாரையும் பாடகர் குழுவில் சிறந்தவர்களையும் அங்கே அனுப்ப நமக்கு மனம் உண்டா? அல்லது காணிக்கை குறையுமே என்று அஞ்சி மறுகாலை அடைத்து வைக்கிறோமா?

தென்காசித் திருக்கோவிலை எழுப்பிய பராக்கிரம பாண்டிய மன்னர் அங்கே ஒரு செய்யுளைக் கல்லில் பொறித்து வைத்தார் என்பதை இப்பகுதி மக்கள் நன்கு அறிவர். தமக்குப் பின் என்றேனும் கோவிலுக்குக் குறை நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தாம் பணிவதாக அதில் அறிவித்தார். முடி தரித்த மன்னர், பெயர் தெரியாத பிற்காலத்தாரை முன்கூட்டியே வணங்குகின்றார். வேற்றுச் சமயத்து மன்னரிடம் காணப்பட்ட இந்தப் பெருந்தன்மை, ஒரே ஆண்டவரின் வயலில் உழைக்கும் நம்மிடம் குறையலாமா? நட்டவர் பெயர் கல்வெட்டில் இருக்க வேண்டும், நன்கொடையாளர் வரிசையில் தம் பெயர் முதலில் வர வேண்டும் என்னும் போட்டியால் எத்தனை நல்ல முயற்சிகள் நலிந்தன என்பதை நம் பங்குகளே அறியும்.

வீட்டிலிருந்து தொடங்குவோம்

இம்மாதம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு செயலை மேற்கொள்ள வேண்டுகிறோம். உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் புதிதாய்க் குடிவந்த கத்தோலிக்கக் குடும்பம் உண்டா என்று விசாரித்தறியுங்கள். இருந்தால் அவர்களை ஒரு மாலை உங்கள் வீட்டுச் செபமாலைக்கு அழையுங்கள். ஒரு குவளை காப்பியேனும் கொடுத்து அவர்கள் ஊரையும் உறவையும் கேளுங்கள். வாகன வசதி உள்ளவர்கள் ஞாயிறன்று ஒரு முதியவரைத் திருப்பலிக்கு அழைத்து வாருங்கள். சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வரும் கத்தோலிக்கப் பயணிகளும், கடைகளிலும் விடுதிகளிலும் வேலை செய்ய வெளியூர்களிலிருந்து வரும் இளைஞர்களும் நம் கோவில் வாயிலில் அந்நியராய் நின்று திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்விட்டு ஊர் வந்த எளியோரிடமிருந்தே அந்தியோக்கியாவின் சபை முளைத்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இவற்றை ஓராண்டு இடைவிடாது செய்து வந்தால், “புதிய கோவில் எதற்கு?” என்று கேட்டவர்களே அதற்கு நிலம் தேடப் புறப்படலாம். அல்லது, “எங்களுக்கெனத் தனிக் கோவில்” என்று கேட்டவர்கள் தாய்ப் பங்கிலேயே தங்கள் இடத்தைக் கண்டு மகிழலாம். இரண்டில் எது நிகழ்ந்தாலும் திருச்சபைக்கு ஆதாயமே. விளைச்சலை ஆண்டவரிடம் விட்டுவிட்டு, நம் பங்குக்கு உரிய நடவையும் நீர்ப் பாய்ச்சலையும் மனம் தளராமல் செய்ய, அறுவடையின் ஆண்டவர் நம் குடும்பங்களுக்கு அருள் புரிவாராக.